பேட்டரி போச்சு, டைனமோ போச்சு, இப்போது செல்ஃபா?

கேள்வி: அண்ணே, மேடவாக்கத்தில் இருந்து எழுதுகிறேன். கால் டாக்ஸி ஓட்டுகிறேன். 2014 மாடல் டீசல் வண்டி. 2023 டிசம்பர் புயல் மழையில் தெருவில் நின்ற வண்டிக்குப் பாதிச் சக்கரத்துக்கு மேல் தண்ணீர் ஏறியது. எஞ்சினுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் சில மாதம் கழித்துக் காலையில் செல்ஃப் எடுப்பதில் தகராறு ஆரம்பித்தது. சாவியைத் திருப்பினால் ஒரு 'டக்', அவ்வளவுதான். ஹெட்லைட் நன்றாகத்தான் எரிகிறது. நாலைந்து தடவை திருப்பினால் சோம்பலாகச் சுற்றி ஸ்டார்ட் ஆகும். ஒன்றரை வருடத்தில் இரண்டு பேட்டரி மாற்றிவிட்டேன். அப்புறம் டைனமோ சார்ஜ் செய்யவில்லை என்று சொல்லி, செகண்ட் ஹேண்டில் ஒன்று வாங்கிப் போட்டார்கள். இப்போது செல்ஃப் மோட்டார் போய்விட்டது, புதுசுக்கு 11,000 ரூபாய் ஆகும் என்கிறார்கள். புதுசு போடலாமா, ஓவர்ஹால் பண்ணலாமா? ஓவர்ஹால் பண்ணினால் நிற்குமா?

பதில்: தம்பி, செல்ஃப் மோட்டாரை இன்னும் கழற்றவில்லை என்றால் இப்போதைக்குக் கழற்ற விடாதீர்கள். உங்கள் கடிதத்தை இரண்டு தரம் படித்தேன். பேட்டரி மாற்றியது இருக்கிறது, டைனமோ மாற்றியது இருக்கிறது. மீட்டர் வைத்துப் பார்த்தார்கள் என்று ஒரு வரிகூட இல்லை. இவ்வளவு செலவு செய்தும் உங்கள் கையில் ஒரு வோல்ட் கணக்கு இல்லையே என்பதுதான் எனக்கு வேதனை. வண்டி ஓடினால்தான் வீட்டில் உலை கொதிக்கும் என்கிற ஆளுக்கு இப்படி நடக்கக் கூடாது.

நீங்கள் எழுதியதில் இரண்டு விஷயம் என் கண்ணில் பட்டது. ஒன்று, தண்ணீர் ஏறியது. இன்னொன்று, 'டக்' என்று நிற்கும்போதும் ஹெட்லைட் மங்கவில்லை என்பது. பேட்டரி படுத்துவிட்டால், சாவியைத் திருப்பிய நொடியில் லைட் சிவந்துபோய் அணைகிற மாதிரி ஆகும். லைட் பளிச்சென்று இருந்தும் செல்ஃப் சுற்றவில்லை என்றால், பேட்டரியில் கரண்ட் இருக்கிறது என்று அர்த்தம். அது மோட்டாருக்குப் போய்த் திரும்புகிற வழியில் எங்கோ அடைப்பு, இல்லையென்றால் மோட்டாருக்குள்ளேயே கோளாறு. அடைப்பை எடுக்க ஆகிற செலவு சில நூறு ரூபாய். அதனால் அதை முதலில் பார்த்துவிட வேண்டும்.

என் சந்தேகம் எஞ்சின் எர்த் கேபிள் மேல். பேட்டரி மைனஸிலிருந்து ஒரு கேபிள் பாடிக்குப் போகும், இன்னொன்று எஞ்சினுக்கோ கியர்பாக்ஸுக்கோ போகும். செல்ஃபும் டைனமோவும் எஞ்சின் மேல்தான் உட்கார்ந்திருக்கின்றன. பெரும்பாலான கார்களில் இந்த இரண்டுக்கும் தனியாக மைனஸ் ஒயர் கிடையாது, அவற்றின் உடம்பே மைனஸ். ஆகவே அவற்றுக்குப் போகிற கரண்ட் எல்லாம் அந்த ஒரு கேபிள் வழியாகத்தான் திரும்பி வர வேண்டும். கியர்பாக்ஸ் பக்கம் அது தாழ்வாகத்தான் முறுக்கியிருப்பார்கள். உங்கள் வண்டியில் தண்ணீர் நின்றது சரியாக அந்த உயரத்தில். மேலே ரப்பர் புதுசு மாதிரி இருக்கும். லக்குக்கு, அதாவது போல்ட் மாட்டுகிற முனை வளையத்துக்குப் பக்கத்தில் அரை அங்குலம் ரப்பரைச் சீவிப் பார்த்தால் உள்ளே செம்பு இழைகள் பச்சை பூத்து, விரலில் தேய்த்தால் பொடியாக உதிரும். 2015 வெள்ளத்துக்குப் பிறகும், 2023 மழைக்குப் பிறகும் இப்படி உதிர்ந்த கேபிள்களை நான் எத்தனையோ கழற்றியிருக்கிறேன். நல்ல தண்ணீர் மட்டுமா அது? சாக்கடையும் சேர்ந்த தண்ணீர். காய்ந்த பிறகும் உப்பு உள்ளேயே இருந்து அரித்துக்கொண்டே இருக்கும். மாதக் கணக்கில் கழித்துத் தகராறு தொடங்குவதற்குக் காரணம் அதுதான்.

கணக்கைப் பாருங்கள். டீசல் எஞ்சினைச் சுற்ற செல்ஃப் 200 ஆம்பியருக்குக் குறையாமல் இழுக்கும் என்று வைத்துக்கொள்வோம். அந்தக் கேபிளில் 0.01 ஓம் தடை ஏறிவிட்டது. ஒரு ஓமில் நூற்றில் ஒரு பங்கு, சாதாரண மல்டிமீட்டரில் ஓம் வைத்துப் பார்த்தால் தெரியவே தெரியாது. ஆனால் 200 ஆம்பியர் போகும்போது அதே இடத்தில் 2 வோல்ட் வீணாகிறது. மோட்டாருக்குப் போய்ச் சேர வேண்டியதில் அவ்வளவும் நஷ்டம். ஹெட்லைட்டுக்கோ பத்து ஆம்பியர் போதும், அதற்குப் பாடி எர்த் தனி. அதனால் லைட் எரியும், செல்ஃப் எடுக்காது.

இதே கேபிள்தான் சார்ஜிங்கையும் கெடுக்கும். டைனமோ தன் உடம்புக்கும் தன் பிளஸ்ஸுக்கும் நடுவில் 14.2 வோல்ட் சரியாகக் கொடுத்துக்கொண்டிருக்கும். 40 ஆம்பியர் சார்ஜ் போகும்போது அந்த 0.01 ஓமில் 0.4 வோல்ட் போய்விடும். பேட்டரிக்கு 13.8தான் வந்து சேரும். தடை இன்னும் ஏறினால் 13.4, 13.3 என்று இறங்கும். ஏசி, லைட், மொபைல் சார்ஜர் எல்லாம் போட்டுக்கொண்டு சிக்னலுக்குச் சிக்னல் நிற்கிற டாக்ஸியில் இப்படி மாதக் கணக்கில் அரை வயிற்றோடு இருந்தால் பேட்டரித் தகட்டில் சல்பேட் படிந்து இறுகிவிடும். அப்படித்தான் உங்கள் இரண்டு பேட்டரியும் போயிருக்க வேண்டும். டைனமோ சார்ஜ் செய்யவில்லை என்று சொன்னவரும் பேட்டரி முனையில் மட்டும் அளந்துவிட்டுத்தான் சொல்லியிருப்பார். டைனமோ உடம்பில் ஒரு தரம் வைத்துப் பார்த்திருந்தால் அதைத் தொட்டிருக்கவே வேண்டாம்.

நானும் ஆரம்பத்தில் இந்தத் தப்பைச் செய்தவன்தான். தொண்ணூறுகளில் சென்னைப் பக்கம் பாடி என்கிற ஊரில் ஒரு பட்டறையில் கை வேலை செய்துகொண்டிருந்தேன். ஒரு வேனுக்குச் செல்ஃபைக் கழற்றி, புஷ் மாற்றி, பிரஷ் மாற்றி, பெஞ்சில் சுற்ற வைத்துத் திருப்தியாகப் பூட்டினேன். சாவியைத் திருப்பினால் அதே 'டக்'. திரும்பக் கழற்றினேன், திரும்பப் பூட்டினேன், சாயங்காலம் ஆகிவிட்டது. மேஸ்திரி வந்து ஒன்றும் பேசாமல் ஜம்பர் கேபிளின் ஒரு முனையைப் பேட்டரி மைனஸில் மாட்டினார், இன்னொரு முனையை எஞ்சினைத் தூக்குகிற கொக்கியில் கடிக்கவிட்டார். சாவி போட்டதும் வண்டி பிடித்துக்கொண்டது. அன்றைக்கு வேன்காரர் ஒரு நாள் டிரிப் இழந்தார், அதற்கு நான்தான் காரணம்.

நீங்களும் இதைச் செய்து பார்க்கலாம், ஐந்து நிமிட வேலை. நல்ல தடிமனான ஜம்பர் கேபிளாக இருக்கட்டும். எஞ்சினில் பெயின்ட் இல்லாத இரும்பாகப் பார்த்துக் கடிக்கவிடுங்கள். அப்படிப் போட்டதும் செல்ஃப் துள்ளிக்கொண்டு எடுத்தால் வழக்கு முடிந்தது, எர்த் கேபிளை மாற்றுங்கள்.

ஆனாலும் மீட்டரில் உறுதி செய்வது நல்லது. சில நூறு ரூபாய் மல்டிமீட்டர் போதும். இரவு வண்டியை நிறுத்திவிட்டுக் காலையில் எதையும் போடுவதற்கு முன் பேட்டரியை அளந்து பாருங்கள். 12.6 வந்தால் முழுச் சார்ஜ். 12.4 பரவாயில்லை. 12.2 என்றால் பாதிதான் இருக்கிறது. 12க்குக் கீழே என்றால் முதலில் சார்ஜ் போட்டுவிட்டுத்தான் மற்ற சோதனை. அரைகுறைப் பேட்டரியை வைத்துக்கொண்டு செல்ஃபைக் குறை சொல்ல முடியாது.

அடுத்து, வீட்டில் யாரையாவது சாவி திருப்பச் சொல்லிவிட்டு நீங்கள் பானட் பக்கம் நில்லுங்கள். மீட்டரின் சிவப்பை எஞ்சின் இரும்பில் வையுங்கள், கருப்பைப் பேட்டரி மைனஸ் முனையில் வையுங்கள். முனை என்றால் ஈயக் குச்சி, அதன் மேல் மாட்டியிருக்கிற கிளாம்ப் இல்லை. கிளாம்புக்கும் குச்சிக்கும் நடுவிலும் அழுக்கு இருக்கலாம், அதையும் சேர்த்து அளக்க வேண்டும். சாவி திருப்புகிற அந்த நேரத்தில் மீட்டர் 0.2க்குள் காட்டினால் எர்த் நன்றாக இருக்கிறது. 0.5, 1, 2 என்று ஏறினால் குற்றவாளி அதுதான். பிளஸ் பக்கமும் இதே மாதிரி: சிவப்பு பேட்டரி பிளஸ் குச்சியில், கருப்பு செல்ஃபின் பெரிய போல்ட்டில். இங்கே 0.5 வரை விடலாம். கடைசியாக, சாவி திருப்பும்போது பேட்டரி முனையிலேயே எவ்வளவு இருக்கிறது என்று பாருங்கள். 9.6க்குக் கீழே விழுந்தால் பேட்டரி சரியில்லை, அல்லது மோட்டார் உள்ளே இறுகிக்கொண்டு அளவுக்கு மேல் இழுக்கிறது. வழி இரண்டும் சுத்தமாக இருந்து, செல்ஃபின் பெரிய போல்ட்டுக்கும் அதன் உடம்புக்கும் நடுவில் பதினொன்றுக்கு மேல் வோல்ட் இருந்தும் 'டக்' மட்டும்தான் என்றால், அப்போது சொல்லலாம் மோட்டாரில்தான் கோளாறு என்று.

சார்ஜிங்குக்கும் இரண்டு இடம் அளக்க வேண்டும். எஞ்சின் ஓடும்போது பேட்டரி முனையில் ஒன்று, டைனமோவின் பிளஸ் போல்ட்டுக்கும் உடம்புக்கும் நடுவில் ஒன்று. பெல்ட் பக்கம் கையும் ஒயரும் போகாமல் ஜாக்கிரதை. இரண்டும் 13.8க்கும் 14.5க்கும் நடுவில், ஒன்றுக்கொன்று கிட்டத்தட்ட சமமாக இருக்க வேண்டும். ஹெட்லைட், ஏசி, புளோயர் எல்லாம் போட்டுக் கொஞ்சம் ரேஸ் கொடுத்தாலும் பெரிதாக இறங்கக் கூடாது. இது உங்கள் வண்டி மாதிரி வண்டிகளுக்கான கணக்கு. இப்போது வருகிற பல கார்களில் கம்ப்யூட்டரே சார்ஜிங்கை ஏற்றி இறக்கும், அவற்றில் வோல்ட்டை மட்டும் பார்த்து டைனமோ போச்சு என்று சொல்லக் கூடாது.

ஒன்றை மட்டும் யார் சொன்னாலும் செய்ய விடாதீர்கள். வண்டி ஓடிக்கொண்டிருக்கும்போது பேட்டரி டெர்மினலைக் கழற்றி, எஞ்சின் நிற்கிறதா ஓடுகிறதா என்று பார்த்து டைனமோவைச் சோதிப்பது. பழைய அம்பாசடர் காலத்துப் பழக்கம் அது. அந்த வண்டியில் கெட்டுப்போகக் கம்ப்யூட்டர் கிடையாது. இன்றைய வண்டியில் சார்ஜ் ஏறிக்கொண்டிருக்கும்போது பேட்டரியைப் பிடுங்கினால், டைனமோவின் வோல்ட் கண் இமைக்கிற நேரத்துக்குள் 80, 100 என்று எகிறக்கூடும். எஞ்சின் கம்ப்யூட்டரான ஈசிஎம் போகும், மீட்டர் போர்டு போகும், டைனமோவுக்குள் கரண்டை ஒரே திசையில் விடுகிற அதன் சொந்த டயோடே போகும். செலவு பல ஆயிரம். நல்ல டைனமோவை இப்படிச் சோதித்தே சாகடித்ததை என் கண்ணால் பார்த்திருக்கிறேன். உங்கள் பழைய டைனமோவையும் இப்படித்தான் 'டெஸ்ட்' செய்தார்களோ என்று எனக்கு ஒரு பயம் இருக்கிறது.

செகண்ட் ஹேண்டில் வந்த டைனமோவையும் ஒரு தரம் பார்த்துவிடுங்கள். அதில் ஒரு டயோட் ஷார்ட்டாகியிருந்தால் ராத்திரி முழுக்கப் பேட்டரியை உறிஞ்சும். சுலபமான வழி ஒன்று உண்டு. காலையில் வண்டியைத் தொடுவதற்கு முன் டைனமோ மேல் உள்ளங்கையை வையுங்கள். எஞ்சின் சில்லென்று இருக்க, அது மட்டும் வெதுவெதுப்பாக இருந்தால் டயோட் வழியாகக் கரண்ட் ஓடுகிறது. இன்னொன்று, வண்டி ஓடும்போது மீட்டரை ஏசி (மாறுதிசை) வோல்ட்டில் வைத்துப் பேட்டரி முனையில் அளப்பது. அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் டயோட் பிளேட்டைக் கழற்றித்தான் ஆக வேண்டும்.

இரவு கசிவுக்கு டாக்ஸியில் வேறு காரணங்களும் உண்டு: ஜிபிஎஸ், கேமரா, சாவி எடுத்தாலும் தூங்காத மியூசிக் சிஸ்டம். எல்லாக் கதவையும் பூட்டி அரை மணி நேரம் கழித்து, பேட்டரி மைனஸ் குச்சிக்கும் கழற்றிய கேபிளுக்கும் நடுவில் மீட்டரை வரிசையாக மாட்டி அளந்தால் 0.05 ஆம்பியருக்குள் இருக்க வேண்டும். மீட்டர் அப்படி மாட்டியிருக்கும்போது மறந்தும் செல்ஃப் அடித்துவிடாதீர்கள், மீட்டர் எரிந்துவிடும். 0.4 ஆம்பியர் கசிந்தால் ஒரு நாளைக்குக் கிட்டத்தட்ட 10 ஆம்பியர்-ஹவர் (ஒரு ஆம்பியர் ஒரு மணி நேரம் ஓடுகிற கணக்கு). 60 ஆம்பியர்-ஹவர் பேட்டரி மூன்று நாள் லீவில் பாதி காலி.

சரி, எர்த் நன்றாக இருந்து உண்மையிலேயே செல்ஃப்தான் கோளாறு என்று வந்தால்? தயங்காமல் ஓவர்ஹால் பண்ணுங்கள். மோட்டாருக்குள் சுற்றுகிற ஆர்மேச்சர் எரியாமலும் பாடி உடையாமலும் இருந்தால், ஒழுங்காக ஓவர்ஹால் செய்த மோட்டார் வருடக் கணக்கில் உழைக்கும். சென்னையில் இந்தக் கை வேலைக்குப் பஞ்சமில்லை. பாடி ஊரில் செல்ஃபும் டைனமோவும் செய்கிற லூகாஸ் டிவிஎஸ் தொழிற்சாலை அறுபதுகளிலேயே வந்துவிட்டது. அந்தப் பக்கமும் அம்பத்தூர் எஸ்டேட் பக்கமும் ஆர்மேச்சரைக் கையில் எடுத்ததும் நாடி பார்க்கிற மாதிரி பார்க்கிற பெரியவர்கள் இன்னும் இருக்கிறார்கள். ஆனால் ஓவர்ஹால் என்ற பெயரில் இரண்டு பிரஷ்ஷை மாற்றி, பாடிக்குச் சில்வர் பெயின்ட் அடித்துக் கொடுப்பதும் நடக்கிறது. அதனால் கழற்றும்போது பக்கத்தில் நில்லுங்கள், என்ன பார்க்க வேண்டும் என்று சொல்கிறேன்.

முதலில் பேட்டரி மைனஸைக் கழற்றச் சொல்லுங்கள். செல்ஃபுக்கு வருகிற தடிக் கேபிளில் எப்போதும் கரண்ட் உண்டு, பெரும்பாலும் நடுவில் ஃபியூஸ் இருக்காது. ஸ்பேனர் பாடியில் பட்டால் வெல்டிங் மாதிரி பிடித்துக்கொள்ளும்.

மோட்டாரைப் பிரித்ததும் ஆர்மேச்சரை வாங்கிக் காம்யூடேட்டரைப் பாருங்கள், பிரஷ் உரசுகிற செம்புப் பகுதி அது. நன்றாக ஓடிய செம்பு சாக்லேட் நிறத்தில் வழவழப்பாக இருக்கும். ஏதாவது ஒரு செம்புக் கட்டை மட்டும் கருகியிருந்தால் அதற்குப் போகிற காயில் விட்டுப்போயிருக்கிறது. மேலே நடுவில் பள்ளம் விழுந்திருந்தால் லேத்தில் லேசாகக் கடைய வேண்டும். கடைந்ததோடு விடக் கூடாது. செம்புக் கட்டைகளுக்கு நடுவில் இருக்கிற, கரண்ட் கடத்தாத மைக்காவையும் செம்பு மட்டத்துக்குக் கீழே சுமார் அரை மில்லிமீட்டர் இறக்க வேண்டும். பழைய ஹாக்ஸா பிளேடை ஓரம் தீட்டி, ஒவ்வொரு காடியாகச் சீவி எடுப்பார்கள். பொறுமை வேண்டிய வேலை, இதைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். விட்டால் மைக்கா தூக்கிக்கொண்டு நிற்கும், பிரஷ் துள்ளும், பொறி பறக்கும், ஆறு மாதத்தில் திரும்பப் பட்டறைக்கு வருவீர்கள். வழவழப்பாக்க எமெரி தாளை எடுத்தால் வேண்டாம் என்று சொல்லுங்கள், அதன் துகள் கரண்ட் கடத்தும். மணல் தாள்தான் சரி.

அடுத்தது கிரௌலர் சோதனை. 'வி' மாதிரி வாய் திறந்த காந்தத்தில் ஆர்மேச்சரை உட்கார வைத்து மெயின் கரண்ட் கொடுப்பார்கள். 'ம்ம்' என்று ஓர் உறுமல் கேட்கும். மேலே ஒரு ஹாக்ஸா பிளேடை லேசாகப் பிடித்துக்கொண்டு ஆர்மேச்சரைக் கையால் மெதுவாகச் சுற்றுவார்கள். காயில் நன்றாக இருந்தால் பிளேடு சும்மா இருக்கும். எங்காவது இரண்டு சுற்று ஒன்றோடொன்று ஒட்டியிருந்தால் அந்தக் காடி மேல் வரும்போது பிளேடு கிர்ரென்று துடித்து இரும்பில் ஒட்டிக்கொள்ளும். அப்படித் துடித்தால் அந்த ஆர்மேச்சரைத் திரும்பக் காயில் கட்ட வேண்டும் அல்லது மாற்ற வேண்டும். பிரஷ் மாற்றி ஒரு பிரயோஜனமும் இல்லை.

பிரஷ் பாதிக்கு மேல் தேய்ந்திருந்தால் மாற்றுங்கள், கூடவே ஸ்பிரிங்கையும் பாருங்கள். ஆர்மேச்சர் தண்டைத் தாங்குகிற இரண்டு பக்கப் புஷ்ஷையும் கேட்காமலே மாற்றச் சொல்லுங்கள். தண்ணீர் புகுந்த வண்டியில் அவைதான் முதலில் தேய்ந்து ஆடும், ஆடினால் ஆர்மேச்சர் உள்ளே உரசும். எஞ்சின் பல்லோடு போய்ப் பூட்டிக்கொள்கிற பெண்டிக்ஸைப் பெட்ரோலிலோ டீசலிலோ ஊறப்போட விடாதீர்கள். அதற்குள் கம்பெனியில் வைத்து மூடிய கிரீஸ் கரைந்து போய்விடும், கொஞ்ச நாளில் மோட்டார் மட்டும் சுற்றும், எஞ்சின் சுற்றாது. துணியால் துடைத்தாலே போதும். உங்கள் மாடலில் வெளிக்கூட்டுக்குள் காயிலுக்குப் பதில் நிரந்தரக் காந்தம் இருக்க வாய்ப்பு அதிகம். அதைச் சுத்தியலால் தட்டினாலோ வைஸில் இறுக்கினாலோ காந்தம் விரிசல் விட்டுவிடும், அப்புறம் கூட்டையே மாற்ற வேண்டியதுதான். மோட்டாருக்குக் கரண்டைத் திறந்துவிடுகிற சோலனாய்டுக்குள் இருக்கிற செம்பு கான்டாக்ட் கருகினாலும் இதே 'டக்'தான் வரும். நிறைய நாள் நான் பார்த்ததில் மோட்டாரில் ஒன்றுமே இருக்காது, அந்த ஒரு கான்டாக்ட்தான் இருக்கும்.

பூட்டிய பிறகு பெஞ்சில் சுற்றும்போது சத்தத்தை மட்டும் கேட்டுத் தலையாட்ட வேண்டாம். சும்மா சுற்றினால் சோர்ந்த மோட்டாரும் சீறிக்கொண்டுதான் சுற்றும். லோடு கொடுத்து எத்தனை ஆம்பியர் இழுக்கிறது, அப்போது எத்தனை வோல்ட் நிற்கிறது என்று மீட்டரில் காட்டச் சொல்லுங்கள். காட்ட முடியாத இடத்தில் ஓவர்ஹாலுக்குக் கொடுக்காமல் இருப்பது நல்லது.

பழைய பாகம் விற்கிற புதுப்பேட்டையில் இன்னொரு செல்ஃப் வாங்கலாமா என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் யாராவது கட்டாயம் சொல்வார்கள். வெளிக்கூடு உடைந்திருந்தால், உங்கள் மாடலுக்குப் பாகம் கிடைக்காமல் போனால், அங்கே போகலாம். நான் போகிறேன், நல்ல சரக்கு கிடைத்திருக்கிறது. ஆனால் அந்த மோட்டார் எத்தனை கிலோமீட்டர் ஓடியது, எந்த மழையில் நனைந்தது என்று யாருக்கும் தெரியாது. வாங்கினால் அதையும் பிரித்துப் பார்த்துத்தான் பூட்ட வேண்டும். அந்த வேலையை உங்கள் சொந்த மோட்டாருக்கே செய்யலாம். பிரஷ், புஷ், பேரிங், சோலனாய்டு எல்லாம் ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டில் புதுசாகவே கிடைக்கும். பழைய பாகத்தை ஒரு கவரில் போட்டு எடுத்துப் போங்கள், மாடல் சொல்லி வாங்குவதைவிட அளவு தப்பாது.

எர்த் கேபிள் வாங்கும்போது பழையதைவிட மெல்லியதாக வாங்கிவிடாதீர்கள். லக் கிரிம்ப் செய்து, முடிந்தால் ஈயமும் பிடித்ததாக இருக்கட்டும். கியர்பாக்ஸிலும் பாடியிலும் போல்ட் உட்காருகிற இடத்தை வெள்ளை இரும்பு தெரிகிற வரைக்கும் சுரண்டி, முறுக்கி, மேலே கிரீஸோ வாசலினோ பூசிவிடுங்கள். அடுத்த மழைக்கு முன்னால் ஒரு தரம் மறுபடி பாருங்கள்.

ஞாயிற்றுக்கிழமை காலை வண்டி எடுப்பதற்கு முன் அளந்துவிடுங்கள். இரவு நின்ற பேட்டரி வோல்ட், சாவி திருப்பும்போது எஞ்சினுக்கும் மைனஸ் குச்சிக்கும் நடுவில் வந்த வோல்ட், வண்டி ஓடும்போது பேட்டரியிலும் டைனமோவிலும் வந்த வோல்ட். நாலு எண்களையும் ஒரு காகிதத்தில் எழுதி எனக்கு அனுப்புங்கள் தம்பி. அதைப் பார்த்துவிட்டு, செல்ஃபைக் கழற்றலாமா வேண்டாமா என்று சொல்கிறேன். அதுவரைக்கும் அந்த 11,000 ரூபாய் உங்கள் பையிலேயே இருக்கட்டும்.